கூரைக்குக் கீழே இடமறிதல்

மனிதன் தான் நிற்கும் இடத்தை அறிந்துகொள்வதற்கு நெடுங்காலமாக வானத்தையே நம்பி வந்திருக்கிறான். கடலில் கலம் செலுத்தியவர்கள் நட்சத்திரங்களை நோக்கினார்கள். பாலைவனத்தைக் கடந்தவர்கள் சூரியனைத் துணைகொண்டார்கள். நம் காலத்தில் அந்தக் காரியத்தை, ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் செய்கின்றன. 1995-ஆம் ஆண்டில் முழுமை பெற்ற அந்த அமைப்பு, அதன் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த ஏற்பாட்டை அமெரிக்க அரசாங்கம் 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் கைவிட்ட பிறகு, சாமானிய ஜனங்களின் அன்றாட சாதனமாயிற்று. எனினும், முன்பின் அறியாத ஊரின் வீதிகளில் நம்மைத் தவறாமல் அழைத்துச் செல்லும் அதே கைபேசி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாசலைத் தாண்டியவுடன் திகைத்து நின்றுவிடுகிறது. எந்த மாடி, எந்தக் கூடம், எந்த அறை என்ற கேள்விகளுக்கு அதனிடம் விடை இல்லை. இந்தக் குறையை நீக்குவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் முயற்சிகளை ஆராய்ந்து, அவற்றில் எவை பலித்தன, எவை தடுமாறுகின்றன, என்ன நிபந்தனையின்மேல் நாம் அவற்றை நம் கட்டிடங்களுக்குள் வரவேற்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வானம் எட்டாத இடம்

செயற்கைக் கோள்களின் சமிக்ஞை கூரைக்குக் கீழே பயன்படாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அதன் பலவீனம். அத்தனை தூரம் கடந்து நம் கையிலுள்ள கருவியை அடையும்போது அந்தச் சமிக்ஞையின் வலிமை, ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. திறந்த வெளியில் அதைப் பொறுக்கியெடுப்பதே விஞ்ஞானத்தின் சாமர்த்தியம். கான்கிரீட்டும் இரும்புக் கம்பியும் கொண்ட தளங்களை அது ஊடுருவும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. ரேடியோ அலை ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் 30 சென்டிமீட்டர் செல்லும்; ஆகவே தூரத்தை நேரத்தால் அளக்கும் எந்த முறையிலும் அணுவளவு காலப் பிழைகூட அடிக்கணக்கான இடப் பிழையாக வளர்ந்துவிடும். ஜன்னல் வழியாக எப்படியோ உள்ளே புகுந்துவிட்ட அலையும், சுவரிலும் கண்ணாடியிலும் உலோக அலமாரிகளிலும் பட்டுத் தெறித்து, நேர்வழியைவிட நீண்ட வழியில் வந்து சேர்வதால், கருவி அந்த நீண்ட வழியையே உண்மைத் தூரம் என்று நம்பி ஏமாறுகிறது.

இவற்றோடு மற்றொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். வெளியில் ஐந்து மீட்டர் பிழை நேர்ந்தால் அது பெரும்பாலும் ஒரே சாலையின் இரு ஓரங்களுக்கு இடையேயுள்ள வித்தியாசமாகவே இருக்கும். கட்டிடத்துக்குள்ளோ, ஒரு சாண் கனமுள்ள சுவரின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே முழு விஷயமாகும். உள்ளே வேண்டிய துல்லியம் அதிகம். கிடைக்கும் ஆதாரம் குறைவு. இந்த முரண்பாட்டிலிருந்துதான் இத்துறையின் சகல சிரமங்களும் பிறக்கின்றன.

உயிரைக் காக்கும் அவசியம்

இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய விஷயம் என்று எண்ணுவோர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரத்தில் 1999-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி நடந்ததை அறியவேண்டும். ஜன்னல்களே இல்லையென்று சொல்லத்தக்க, கைவிடப்பட்ட ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கில் தீப்பற்றியது. உள்ளே ஆட்கள் இருக்கக்கூடும் என்று கருதித் தேடச் சென்ற தீயணைப்பு வீரர்கள் இருவர், புகை மூட்டத்தில் வழி தவறி, தங்கள் காற்று தீர்ந்துவருகிறது என்று ரேடியோவில் அறிவித்தனர். அவர்கள் குரல் வெளியே கேட்டது. அவர்கள் இருந்த இடம் தெரியவில்லை. அவர்களைத் தேடி உள்ளே போன மேலும் நால்வர் திரும்பி வரவில்லை. ஆறு வீரர்கள் உயிரிழந்த அந்தத் துயரத்துக்குப் பின், அதே ஊரிலுள்ள வூஸ்டர் பாலிடெக்னிக் நிறுவனம் கட்டிடத்துக்குள்ளிருக்கும் மீட்புப் பணியாளரின் இடத்தை வெளியிலிருந்து கண்டறியும் ஆராய்ச்சியை மேற்கொண்டு, 2006 முதல் இதற்கெனவே வல்லுநர் கூட்டங்களையும் நடத்தியது. முன்கூட்டி எந்தச் சாதனமும் பொருத்தப்படாத கட்டிடத்தில், புகையும் வெப்பமும் சூழ்ந்த வேளையில், மாடியையும் அறையையும் பிழையின்றிச் சொல்லவேண்டும் என்பதால், இதுவே இத்துறையின் மிகக் கடினமான பரீட்சையாக இன்றும் இருந்துவருகிறது.

கைபேசியிலிருந்து அவசர உதவியை அழைப்பவர்களுக்கும் இதே தேவை உண்டு. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2015-இல் கட்டிடத்துக்குள்ளிருந்து வரும் அழைப்புகளுக்கும் பொருந்துமாறு கிடைமட்டத்தில் 50 மீட்டர் என்ற வரையறையை ஏற்படுத்தி, 2019-இல் அதனுடன் உயரத்துக்கும் ஒரு வரையறையைச் சேர்த்தது: நூற்றுக்கு எண்பது அழைப்புகளில், அழைப்பவர் இருக்கும் உயரம் மூன்று மீட்டருக்கு மேற்படாத பிழையுடன் தெரியவேண்டும். மூன்று மீட்டர் என்பது ஒரு மாடியின் உயரமே. இருபது மாடிக் கட்டிடத்தில் மாரடைப்பு வந்து வீழ்ந்தவரைத் தேடி ஏறும் மருத்துவ உதவியாளருக்கு, சரியான மாடி தெரிவதும் தெரியாமற் போவதும் ஜீவ மரணப் பிரச்சினையாகும்.

மூன்று மூல யோசனைகள்

இத்துறையின் சரித்திரம் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் தொடங்குகிறது எனலாம். அங்கிருந்த ஆலிவெட்டி ஆராய்ச்சிக் கூடத்தில் ராய் வான்ட், ஆண்டி ஹாப்பர் முதலியோர் அமைத்த ‘ஆக்டிவ் பேட்ஜ்’ என்னும் முறை 1992-இல் ஆராய்ச்சி உலகத்துக்கு விவரிக்கப்பட்டது. ஊழியர்கள் சட்டையில் அணியும் சிறு வில்லை, பதினைந்து விநாடிகளுக்கு ஒருமுறை தனக்கே உரிய குறியீட்டை அகச்சிவப்பு ஒளியில் வெளியிடும். அந்த ஒளி சுவரைத் துளைக்காது என்பதால், எந்த அறையின் வாங்கி அதை ஏற்றதோ அந்த அறையில் அந்த ஊழியர் இருக்கிறார் என்பது தெளிவு. ஒருவருக்கு வந்த தொலைபேசி அழைப்பை அவர் அப்போது இருக்கும் அறைக்கே திருப்பிவிடுவது இதன் முதல் பிரயோஜனம். பின்னர் அதே நகரத்தில் ‘பேட்’ என்ற பெயரில் மீயொலியைக் கொண்டு அமைந்த முறை, சில சென்டிமீட்டர் அளவுக்கு இடத்தைச் சொல்லிற்று. இவ்விரண்டிலும் ஆட்கள் இருக்குமிடத்தைக் கட்டிடமே கணித்து, ஒரு மத்தியக் கணிப்பொறியில் பதிவு செய்தது.

2000-ஆம் ஆண்டில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு புதிய யோசனைகள் தோன்றின. மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி நிலையத்தில் பரம்வீர் பாலும் வேங்கட பத்மநாபனும் ‘ரேடார்’ என்ற முறையை வெளியிட்டார்கள். அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் கம்பியில்லா வலையமைப்பின் நிலையங்கள் மூன்றிலிருந்து வரும் சமிக்ஞைகளின் வலிமையை ஒரே மாடியில் எழுபது இடங்களில் அளந்து முன்கூட்டிப் பட்டியலாக்கி, பிறகு ஒருவர் பெறும் வலிமைகளை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, இரண்டு மூன்று மீட்டர் பிழையில் இடத்தை ஊகிப்பது அவர்கள் கண்ட வழி. தனிச் சாதனம் எதுவும் வேண்டாத காரணத்தால் இது உலகமெங்கும் பரவிற்று. சுவர்களால் நேரும் விகாரங்கள் மற்ற முறைகளுக்குத் தடையாக இருக்க, அந்த விகாரங்களையே ஒவ்வோர் இடத்துக்கும் உரிய அடையாளமாக ஆக்கிக்கொண்டது இதன் சிறப்பு.

அதே ஆண்டில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் நிசங்க பிரியந்தா, அனித் சக்ரவர்த்தி ஆகியோரும், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று அங்கே ஆசிரியரான ஹரி பாலகிருஷ்ணனும் ‘கிரிக்கெட்’ என்னும் முறையை வகுத்தார்கள். கூரையில் பொருத்திய சிறு கருவி ஒவ்வொன்றும் ஒரே கணத்தில் ரேடியோ அலையையும் மீயொலியையும் வெளியிடும். மின்னலைக் கண்டபின் இடி கேட்கும்வரை எண்ணி அதன் தூரத்தை மதிப்பிடுவது போல, கையிலுள்ள கருவி இவ்விரண்டும் வந்துசேரும் கால இடைவெளியைக் கொண்டு தூரத்தைக் கணித்துக்கொள்ளும். இந்த யுக்தியின் நேர்த்தியைக் காட்டிலும், அதை வகுத்தவர்கள் ஆரம்பத்திலேயே விதித்துக்கொண்ட ஒரு கட்டுப்பாடு பெரிதும் போற்றத்தக்கது. கூரைக் கருவிகள் பேசுமேயன்றிக் கேளா; கைக் கருவி கேட்குமேயன்றிப் பேசாது. ஆகவே தான் இருக்குமிடம் அந்த மனிதனுக்குத் தெரியும்; அவன் இருக்குமிடம், அவனாக வெளியிட்டாலன்றி, கட்டிடத்துக்குத் தெரியாது. கூரைக்குக் கீழே இடமறிதலைப் பற்றிய விவாதம் முழுவதும், கேம்பிரிட்ஜ் வில்லைக்கும் எம்.ஐ.டி. கருவிக்கும் இடையேயுள்ள இந்த ஒரு பேதத்தில் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இன்றைய சாதனங்கள்

பின் வந்த இருபத்தைந்து ஆண்டுகளில் முறைகள் பல்கின. 2013-இல் ஆப்பிள் நிறுவனம் ஐபீக்கன் என்ற ஏற்பாட்டை வெளியிட்டதும், ஒரு சிறு பாட்டரியில் மாதக்கணக்காக உழைத்து, புளூடூத் மூலம் தன் எண்ணை மட்டும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் பீக்கன்கள் கடைகளிலும் காட்சிச் சாலைகளிலும் பரவின. சமிக்ஞையின் வலிமையைக் கொண்டே இவை தூரத்தை மதிப்பிடுவதால், இடையில் ஒரு மனித உடல் குறுக்கிட்டாலும் கணக்கு மாறிவிடும். 2019-இல் வந்த புளூடூத் 5.1, அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையும் அளக்க வழிசெய்தது.

வலிமையை விடுத்து நேரத்தை அளக்கும் முறைகள் இதனினும் நம்பத்தக்கவை. 2018-இல் வெளியான ஆண்ட்ராய்டு 9, வை-ஃபை நிலையத்துக்கு ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரத்தைக் கைபேசியே அளந்து, ஒன்று இரண்டு மீட்டர் அளவில் இடத்தைக் கணிக்க வகைசெய்தது. இதற்கு அந்த நிலையத்தோடு இணைப்பு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அளவின் முடிவும் கைபேசியிடமே தங்குகிறது. அகலப்பட்டை ரேடியோ எனத்தக்க யு.டபிள்யு.பி. முறையோ இன்னும் ஒருபடி மேலானது. 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பரந்த அலைவரிசையில் மிகக் குறைந்த சக்தியுடன் இதைப் பயன்படுத்த 2002-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மிகக் குறுகிய துடிப்புகளாக அலையை அனுப்புவதால், முதலில் நேராக வந்த துடிப்பையும் சுவரில் தெறித்துப் பின்னே வந்த துடிப்பையும் இதில் பிரித்தறிய முடிகிறது. பத்து சென்டிமீட்டர் அளவுத் துல்லியம் இதனால் கைகூடுகிறது. 2019 முதல் இந்தச் சாதனம் சில கைபேசிகளிலேயே இடம்பெறலாயிற்று. ஆனால் இதற்கென்று தனி நிலையங்களை நெருக்கமாகப் பொருத்தவேண்டியிருப்பதால், செலவு தாங்கக்கூடிய தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலுமே இது வேரூன்றியிருக்கிறது.

வெளியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் வேண்டாத வழிகளும் உண்டு. கைபேசியிலுள்ள முடுக்கமானியும் சுழற்சிமானியும் அடிகளை எண்ணித் திசையை உணரும். ஆனால் ஒவ்வோர் அடியிலும் சேரும் சிறு பிழை, சில நிமிஷங்களில் பெரும் பிழையாகத் திரண்டுவிடும். காலணியில் கருவியைப் பொருத்தி, பாதம் தரையில் ஊன்றி அசைவற்றிருக்கும் கணந்தோறும் பிழையைத் திருத்திக்கொள்ளும் யுக்தி, தீயணைப்பு வீரர்களைக் கருதி ஆராயப்பட்டது. கட்டிடத்தின் இரும்புச் சட்டங்கள் பூமியின் காந்தப் புலத்தில் உண்டாக்கும் கோணல்களை வரைபடமாக்கிக்கொள்ளும் முறையைப் பின்லாந்தின் ஓலு நகரத்து ஆராய்ச்சியாளர்கள் வளர்த்தார்கள். பிரான்ஸில் லீல் நகரத்துப் பெரிய அங்காடி ஒன்றில் 2015-இல், கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் துடிக்கும் எல்.இ.டி. விளக்குகள் கைபேசியின் கேமராவுக்கு இடத்தை அறிவித்தன.

மாடியை அறிவதற்குக் காற்றழுத்தமானி உதவுகிறது. ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் 0.12 ஹெக்டோபாஸ்கல் குறையும். இதை உணரும் நுட்பம் இன்றைய கருவிகளுக்கு உண்டு. ஆயினும் நம்முடையது போன்ற வெப்ப மண்டல நாடுகளில், மழையும் புயலும் இல்லாத நாளிலும் அழுத்தம் இரு முறை ஏறி இறங்கி, மொத்தத்தில் மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு மாறுவது இயல்பு. அசையாமல் ஓரிடத்தில் இருப்பவரை அது ஏழெட்டு மாடி ஏறி இறங்கியவராகக் காட்டிவிடும். ஆகவே அருகில் உயரம் தெரிந்த ஓரிடத்தில் வைத்த மானியோடு ஓயாமல் ஒப்பிட்டால்தான் இந்த அளவுக்குப் பொருள் உண்டு.

இவற்றுள் எது சிறந்தது என்று வினவுவோருக்கு, தனியே எதுவும் போதாது என்பதே விடை. நடைமுறையில் வெற்றி பெற்ற அமைப்புகள் பலவும், வை-ஃபை, புளூடூத், அடிக்கணக்கு, அழுத்தம் ஆகிய பல சாட்சிகளைச் சேர்த்து விசாரித்து, எவரும் சுவரை ஊடுருவி நடக்கமுடியாது என்ற வரைபட நியாயத்தையும் துணைகொண்டு, இருக்கக்கூடாத இடங்களை ஒவ்வொன்றாக நீக்கி முடிவுக்கு வருகின்றன.

வரைபடமும் பராமரிப்பும்

துல்லியத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. நிற்கும் இடத்தின் ஆயத்தொலைகள் மட்டும் தெரிந்து என்ன பயன்? அந்த இடம் எக்ஸ்ரே அறையின் வாசலா, பூட்டிய கதவின் பின்புறமா, சக்கர நாற்காலி ஏறக்கூடிய சரிவுப் பாதையா என்று தெரிந்தாலன்றி வழிகாட்ட இயலாது. இதற்காக உள்ளக வரைபடங்களுக்குப் பொது இலக்கணம் வகுக்கும் பணி நடந்தது; 2014-இல் இண்டோர்-ஜி.எம்.எல். என்ற அளவுகோல் சர்வதேச அமைப்பொன்றால் ஏற்கப்பட்டது. ஆனால் கட்டிடங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒரு தடுப்புச் சுவர் எழுந்தாலும், ஒரு வை-ஃபை நிலையம் இடம் மாறினாலும், முன்பு அளந்து வைத்த பட்டியல் பழசாகிவிடும். பீக்கன்களின் பாட்டரிகள் ஓய்ந்துபோகும். லண்டனுக்கருகே காட்விக் விமான நிலையத்தில் 2017-இல் சுமார் 2,000 பீக்கன்களைப் பொருத்தி, மூன்று மீட்டர் பிழைக்குள் பிரயாணிகளுக்கு வழிகாட்ட ஏற்பாடு செய்தார்கள். அத்தனை சாதனங்களையும் ஆண்டுதோறும் கவனித்துவரும் பொறுப்பு, பொருத்தும் பொறுப்பைவிடக் கனமானது. தொடக்க விழாவோடு மறக்கப்படும் ஏற்பாடு, சில ஆண்டுகளில் தவறான வழியைச் சொல்லும் ஏற்பாடாக முடியும். கண்ணில்லாதவரை அது படிக்கட்டின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தவும் கூடும்.

கண் தெரியாதவர்களை இங்கே குறிப்பிடுவதற்குத் தக்க காரணம் உண்டு. இத்தொழில்நுட்பத்தால் எல்லோரினும் அதிகமான நன்மை அடையக்கூடியவர்கள் அவர்களே. பதினான்காம் வயதில் பார்வையை இழந்து, பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தின் சிறந்த விஞ்ஞானிகளுள் ஒருவராக உயர்ந்த ஜப்பானிய அம்மையார் சியெகோ அசகாவா, கார்னகி மெலன் சர்வகலாசாலையாரோடு சேர்ந்து ‘நாவ்காக்’ என்னும் குரல் வழிகாட்டியை உருவாக்கினார். டோக்கியோவில் நிலத்தடிப் பாதையால் இணைந்த பல மாடி வணிக வளாகங்களில், பீக்கன்களின் உதவியோடு, பார்வையற்றவர்கள் பிறர் கையைப் பற்றாமல் நடந்து தாங்கள் தேடிய கடையை அடைந்தார்கள். லண்டனில் பிம்லிகோ சுரங்க ரயில் நிலையத்தில் 2015-இல் பார்வையற்றவர்களுக்காக நடந்த ‘வேஃபைண்டர்’ என்னும் குரல் வழிகாட்டிப் பரிசோதனையின் அனுபவம், 2017-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒரு பரிந்துரைக்கே ஆதாரமாயிற்று. பிறர் தயவை நாடாமல் ஒரு மனிதர் தாமாக நடந்து செல்லும் சுதந்திரத்தைவிட உயர்ந்த பலன் எதையும் ஒரு விஞ்ஞான சாதனத்திடம் நாம் கேட்கவேண்டியதில்லை.

கண்காணிப்பு என்னும் அபாயம்

இத்தனை நன்மைக்கும் மறுபக்கம் ஒன்று உண்டு. கைபேசிகள் வை-ஃபை நிலையங்களைத் தேடும்போது தம் அடையாள எண்ணை வெளியிடுவதைப் பயன்படுத்தி, உடையவர் அறியாமலே அவருடைய நடமாட்டத்தைப் பதிவு செய்யும் வியாபாரம் 2010-க்குப் பின் தலையெடுத்தது. லண்டன் மாநகரத்தில் குப்பைத் தொட்டிகளில் பொருத்திய கருவிகள் வழிப்போக்கரின் கைபேசிகளை எண்ணிவந்தது வெளிப்பட்டதும், 2013 ஆகஸ்டில் நகர நிர்வாகம் அதை நிறுத்தச் சொல்லிற்று. அதே ஆண்டின் முதல் ஒன்பது மாதங்களில் சுமார் 90 லட்சம் கைபேசிகளின் விவரத்தைக் கடைகளில் திரட்டிய நோமி என்ற நிறுவனத்தின்மேல், விலகிக்கொள்ளும் வசதியைக் கடையிலேயே தருவதாகச் சொல்லித் தரவில்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2015-இல் நடவடிக்கை எடுத்தது.

இத்தகைய திரட்டல் எல்லாமே தீய நோக்கம் உடையது என்று சொல்வதற்கில்லை. லண்டன் போக்குவரத்து நிர்வாகம் 2016-இன் இறுதியில் நான்கு வார காலம் 54 ரயில் நிலையங்களில், அறிவிப்புப் பலகைகளை வைத்துவிட்டு, 56 லட்சம் கைபேசிகளிலிருந்து 50 கோடிக்கு மேற்பட்ட குறிப்புகளைத் திரட்டியது; கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூவுக்குப் பிரயாணிகள் பதினெட்டு வெவ்வேறு வழிகளில் செல்கிறார்கள் என்பது போன்ற, நெரிசலைக் குறைக்க உதவும் உண்மைகள் அதனால் தெரிந்தன. ஆனால் பெயரை நீக்கிவிட்டோம் என்னும் சமாதானம் முழுமையானதன்று. ஒருவர் தினந்தோறும் எந்த மருத்துவர் அறையில் எவ்வளவு நேரம் இருந்தார், எந்தத் தொழுகை இடத்துக்குச் சென்றார், அலுவலகத்தில் யார் மேஜையருகே நின்றார் என்பதெல்லாம் அவரது வாழ்க்கையின் அந்தரங்கம். வீதியில் ஒருவரைப் பின்தொடர்வதினும், மூடிய கட்டிடத்துக்குள் ஒரு மீட்டர் துல்லியத்தோடு பின்தொடர்வது பன்மடங்கு அத்துமீறலாகும். கைபேசி செய்வோர் அடையாள எண்ணை அடிக்கடி மாற்றும் ஏற்பாட்டை 2014 முதல் புகுத்தியதும், இந்திய உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென ஏகமனதாகத் தீர்ப்பளித்ததும், 2023-இல் நம் பாராளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியதும் இந்த அபாயத்தை உலகம் உணர்ந்திருப்பதற்குச் சான்றுகள்.

முடிவு

ஆராய்ந்து பார்க்குமிடத்து, இடமறியும் வசதி வேண்டுமானால் அந்தரங்கத்தை இழந்தே ஆகவேண்டும் என்ற வாதத்துக்கு ஆதாரமில்லை என்பது விளங்குகிறது. 2000-ஆம் ஆண்டின் ‘கிரிக்கெட்’ முறை அதைப் பொய்யாக்கிவிட்டது. தன் எண்ணை மட்டும் அறிவிக்கும் பீக்கனும், முடிவைக் கைபேசியிடமே விட்டுவிடும் வை-ஃபை நேர அளவும் அதே நெறியில் இயங்கவல்லவை. காட்விக் நிலையத்தார்கூடத் தாங்கள் பிரயாணிகளின் தனி விவரங்களைத் திரட்டப்போவதில்லை என்று அறிவித்தே தொடங்கினார்கள். கட்டிடம் மனிதனுக்குச் சொல்லட்டும்; மனிதன் கட்டிடத்துக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் வேண்டாம். அவசர உதவியை அழைக்கும் நேரமும், தீயில் இறங்கும் வீரரின் பணியும் இதற்கு விலக்குகள். அவ்விலக்குகளும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டவையாய், காரியம் முடிந்ததும் அழிக்கப்படும் பதிவுகளோடு முடிபவையாய் இருக்கவேண்டும்.

நம் நாட்டில் பெரிய ஆஸ்பத்திரிகளும், நிலத்தடி ரயில் நிலையங்களும், விமான நிலையங்களும் எழுந்துகொண்டிருக்கும் காலம் இது. அவற்றைத் திட்டமிடும் பொறியாளர்களையும் நிர்வாகிகளையும் வேண்டிக்கொள்வது மூன்று: கட்டிடம் எழும்போதே அதன் உள்ளக வரைபடத்தைத் தயாரித்துப் பொதுவில் வையுங்கள், பொருத்தும் சாதனங்களுக்கு ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே ஒதுக்குங்கள், முதல் பரிசோதனையைப் பார்வையற்றவர்களையும் சக்கர நாற்காலியில் வருபவர்களையும் கொண்டு நடத்துங்கள். அந்தக் கட்டிடங்களுக்குள் நாள்தோறும் நுழையும் பொதுமக்கள் கேட்கவேண்டிய கேள்வியோ ஒன்றே: நான் இருக்குமிடத்தின் கணக்கு என் கையிலுள்ள கருவியில் முடிகிறதா, வேறொருவர் ஏட்டில் ஏறுகிறதா? இதற்கு நேரான விடை தராத எந்த ஏற்பாட்டையும், அது எத்தனை துல்லியமாக இருந்தாலும், நாம் ஏற்கவேண்டியதில்லை.